பெரியப்பா வச்சிருந்த பழைய ரோட்ஸ் பியானோ: எடைக்குப் போடலாமா, சரிபண்ணி விக்கலாமா?

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல ஒருதடவ சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. மயிலாடுதுறைப் பக்கம் உங்க பெரியப்பா வீட்டு மாடியில அவர் சிங்கப்பூர்லேந்து கொண்டாந்த கறுப்புப் பெட்டி பியானோ ஒண்ணு கெடக்கு. 73 கட்ட, கரண்ட் ஒயரே கெடையாது, பேர்ப்பலகையில ரோட்ஸ்னு இருக்கு. ஆம்ப்ல சொருவுனா சத்தம் வருது ஆனா கூடவே ஒரே உறுமல், ஏழெட்டு கட்ட பேசல, சிலது அமுக்குனா மேல வர மாட்டேங்குது. காயலாங்கடைக்காரர் 3500 தர்றேங்கிறார், தெரிஞ்ச கீபோர்டுக்காரர் ஒருத்தர் 20000க்கு எடுத்துக்கிறேங்கிறார். குடுக்கலாமா, சரிபண்ணிட்டு விக்கலாமா, என்ன வெல சொல்றதுன்னு கேக்குறீங்க.

ரெண்டு பேர்கிட்டயும் இப்பத்திக்கு இல்லைன்னு சொல்லிடுங்க. உங்ககிட்ட இருக்கிறது ரோட்ஸ் ஸ்டேஜ் 73. கரண்ட் ஒயர் இல்லைன்னா ஏதோ சாமான் தொலஞ்சு போச்சுன்னு நெனச்சிராதீங்க, அந்த மாடலுக்கு கரண்டே வேண்டாம். எலக்ட்ரிக் கிட்டார் எப்படி வெறும் பிக்கப்ப (கம்பியோட அதிர்வ சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) வச்சு சிக்னல் அனுப்புதோ இதுவும் அதே வேலதான், ஆம்ப்தான் கரண்ட் குடிக்கும். மேல் மூடி வளஞ்சு கூன் போட்டிருந்தா மார்க் ஒன்னு, பலகை மாதிரி தட்டையா, மேல இன்னொரு கீபோர்டு வைக்கிற மாதிரி இருந்தா மார்க் டூ, அது 1979லேந்து வந்தது. பேர்ப்பலகையில ஃபென்டர்ங்கிற பேரும் சேந்து இருந்தா 1974 வாக்குலயோ அதுக்கு முந்தியோ செஞ்சது, உங்களுது வெறும் ரோட்ஸ்தான், அப்ப அதுக்குப் பின்னாடி. மூடியத் தூக்கி உள்ள ஹார்ப்ல, அதாவது அதிருற கம்பியெல்லாம் மாட்டியிருக்கிற சட்டத்துல, டார்ச் அடிச்சுப் பாருங்க, மையில குத்துன நாலு எண் இருக்கும், மொத ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2276ன்னு இருந்தா 1976ல 22வது வாரம். அத போட்டோ எடுத்து வச்சுக்கங்க, விக்கிறப்ப மொதல்ல கேக்குற கேள்வியே அதுதான்.

இதுக்கு ஏன் இன்னிக்கும் ஆளுங்க அலையுறாங்கன்னா, இந்த சத்தம் வர்ற வழியே வேற. ஹெரால்ட் ரோட்ஸ்னு ஒரு பியானோ வாத்தியார், ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அடிபட்டுப் படுத்துருந்த அமெரிக்க சிப்பாய்களுக்குப் படுக்கையிலேயே வாசிக்கக் கத்துக்குடுக்கணும்னு பி-17 விமானத்தோட அலுமினியக் குழாய வச்சு மடியில வைக்கிற சின்ன பியானோ செஞ்சார், அங்கேந்து கெளம்புனதுதான் இது. கட்டைய அமுக்குனா ஒரு சின்ன ஹாமர் போயி டைன்ங்கிற மெல்லிசான இரும்புக் கம்பிய அடிக்கும், அந்தக் கம்பி கனமான ஒரு டோன் பாரோட சேந்து ஒரு கால் சின்னது ஒரு கால் பெருசுன்னு இருக்கிற டியூனிங் ஃபோர்க் கணக்கா அதிரும், அந்த அதிர்வ எதுத்தாப்ல இருக்கிற பிக்கப் புடிச்சு ஆம்புக்கு அனுப்பும். மெதுவா தொட்டா மணி மாதிரி, ஓங்கி அடிச்சா கரகரன்னு கடிக்கும், விரலுக்கு விரல் மாறும். 1983ல யமஹா டிஎக்ஸ்7 வந்தப்புறம் கையில தூக்கிட்டுப் போற கீபோர்டுல கிட்டத்தட்ட அதே சத்தம் வருதேன்னு எல்லாரும் ரோட்ஸ கைவிட்டாங்க, எண்பதுகள் நடுவுல ஃபேக்டரியும் நின்னுபோச்சு, 1987ல ரோலண்ட் கம்பெனி அந்தப் பேர வாங்குச்சு. அந்தக் காலத்து ரோட்ஸ் இனிமே புதுசா முளைக்கப் போறதில்ல. இருக்கிறது கொறஞ்சுகிட்டேதான் போகும், அதனாலதான் எடைக்குப் போடாதீங்கன்னு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இப்ப வெலைய எது தீர்மானிக்குதுன்னு சொல்றேன். பழசு, வெளிநாட்டு சாமான், பெரியப்பா ஆசையா வாங்குனது, இதுக்கெல்லாம் காசு வராது. 73 கட்டையும் பேசுதா, ஒண்ணுக்கொண்ணு ஒரே பலத்துல பேசுதா, கட்ட மேல வர்றது சுறுசுறுப்பா இருக்கா, சுருதியில நிக்குதா, நாலு காலும் பெடலும் பெடல் கம்பியும் மூடியும் கூட இருக்கா, இந்த அஞ்ச வச்சுத்தான் வாங்குறவன் கணக்குப் போடுவான். ஏழெட்டு கட்ட பேசலைன்னா வாங்குறவன் மனசுல அது ஏழெட்டு கட்டையா நிக்காது, உள்ள இன்னும் என்னென்ன போயிருக்கோன்னுதான் தோணும், அந்த பயத்துக்கே பாதி வெலையக் கொறச்சிருவான். 20000 கேட்டவரும் அப்படித்தான் கேட்டிருப்பார், அவர நான் தப்பு சொல்லல. ஆனா பேசாத கட்டைய பேச வைக்கிறது பல நேரம் நீங்க நெனைக்கிறத விட லேசான வேல.

மொதல்ல அந்த உறுமல். டெல்டாவுல பழைய ஓட்டு வீடு, மாடி வீடுல பாதிக்கு மேல மூணு பின் பிளக் இருக்கும், எர்த் ஒயர் எங்கயும் போயிச் சேந்திருக்காது. ஆம்புக்கு ஒழுங்கான எர்த் இல்லைன்னா ரோட்ஸ் மாதிரி பிக்கப் வச்ச சாமான் 50 ஹெர்ட்ஸ்ல உறுமத்தான் செய்யும், அது பியானோ கோளாறு கெடையாது. எர்த் நல்லா இருக்கிற எடத்துக்கு, கல்யாண மண்டபமோ கோயில் மைக்செட்காரர் கடையோ, ஒரு நல்ல ஆம்ப்ப வச்சு அங்க சொருவிப் பாருங்க. கேபிளும் ஷீல்டு கேபிளா இருக்கணும், ஸ்பீக்கர் ஒயர வெட்டி ஜாக் அடிச்சிருந்தா தூக்கிப் போட்டுருங்க. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டியூப்லைட் சோக் இதுக்கெல்லாம் பக்கத்துல வைக்காதீங்க. இன்னும் கொறையலைன்னா, உள்ள ஹார்ப்ல ஒரு ஆர்சிஏ சாக்கெட் (பழைய டிவி, டிவிடி பிளேயர் பின்னாடி இருக்குற மாதிரி) இருக்கும், அதுலேந்து நேரா ஆம்புக்கு ஒரு கேபிள் போடுங்க. முன் பலகையில இருக்கிற வால்யூம், பேஸ் திருகாணி ரெண்டையும் தாண்டி நேரா வரும். இதுல சுத்தமா வந்தா கோளாறு அந்தத் திருகாணியிலயும் ஜாக்லயும்தான், கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலு திருகு திருகுனா பெரும்பாலும் சரியாயிடும், இல்லாட்டி அந்தத் திருகாணிய (பாட்னு சொல்வாங்க) புதுசா மாத்துறது எந்த ஆம்ப் மெக்கானிக்கும் பண்ற வேல.

அடுத்து பேசாத கட்ட. ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு காத அந்த டைன் பக்கத்துல வச்சு கட்டைய அமுக்குங்க. கிண்ணுன்னு மெல்லிசா சத்தம் வந்து, ஆம்ப்ல மட்டும் வரலைன்னா டைன் நல்லா இருக்கு, பிக்கப் போயிருக்கு. அந்த பிக்கப்புக்குப் போற ஒயர்ல ஒண்ண ஈயம் உருக்கி விடுவிச்சுட்டு மல்டிமீட்டர்ல அந்த பிக்கப்ப அளந்து பாருங்க, நல்லதுன்னா 180 ஓம் வாக்குல காட்டும், போனது ஒண்ணுமே காட்டாது. பிக்கப் சுத்துன கம்பி தலமுடி மாதிரி மெல்லிசு, அது ரொம்ப தடவ டெர்மினல்ல ஈயம் வச்ச எடத்துலேயே விட்டுருக்கும், கண்ணாடி போட்டுகிட்டு கை நடுங்காத ஒருத்தர் சின்ன சால்டரிங் அயர்ன்ல பத்தவச்சா திரும்பப் பேசும். மோட்டார் காயில் கட்டுறவங்க நம்ம ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க, பம்புசெட் காயில் கட்டுன கைக்கு மெல்லிசு கம்பி புதுசு இல்ல, பொறுமையா எடுத்துச் சொன்னா பிக்கப்பையே திரும்பச் சுத்திக் குடுப்பாங்க. காத வச்சுக் கேட்டும் சத்தமே இல்லாம டொக்குன்னு மரத்துல தட்டுன மாதிரி இருந்தா டைன் ஒடஞ்சிருக்கு, இல்லைன்னா டோன் பாரைத் தாங்குற ரப்பர் கல்லாப் போயிருக்கு. டைன், ரப்பர், ஹாமர் முனை எல்லாமே இன்னிக்கும் புதுசா செய்யுறாங்க, அமெரிக்காவுல வின்டேஜ் வைப்னு ஒரு கம்பெனி இதுக்குன்னே இருக்கு, அனுப்புற செலவும் கஸ்டம்ஸ் வரியும் சேத்துக் கணக்குப் போட்டு எல்லாத்தையும் ஒரே ஆர்டரா வரவழைங்க, ஒண்ணொண்ணா வாங்குனா கூரியர்லேயே காசு கரைஞ்சிரும்.

மேல வராத கட்ட பத்தித்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லணும், ஏன்னா நம்ம பக்கத்துல இந்த வாத்தியம் சாகுறதே இந்த எடத்துலதான். கட்ட எல்லாம் மரம், அது ஒரு ஊசியில ஏறி எறங்குது, ஊசிக்கு ரெண்டு பக்கமும் ஃபெல்ட் துணி வச்சிருப்பாங்க. ஐப்பசி கார்த்திகை மழையில காத்துல இருக்கிற ஈரத்த அந்த ஃபெல்ட்டும் மரமும் குடிச்சு உப்பிக்கும், கட்ட இறுகிக்கும். உடனே நம்மாளு என்ன பண்ணுவான், மொட்டமாடியில தார்ப்பாய் விரிச்சு கட்டைய எல்லாம் கழட்டி வெயில்ல பரப்புவான், இல்லைன்னா இடுக்குல எண்ணெய் விடுவான். ரெண்டும் பண்ணவே பண்ணாதீங்க. வெயில்ல கட்ட கோணிக்கிட்டா திரும்ப நேராக்க முடியாது, பெட்டி மேல ஒட்டுன வினைல் துணியும் கொப்புளம் விட்டு உரிஞ்சுரும். தேங்கா எண்ணெய், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இதெல்லாம் ஃபெல்ட்ல ஏறுனா தூசியோட சேந்து பிசினாப் போயி அப்புறம் 73 கட்டையோட ஃபெல்ட்டையும் மாத்துறதத் தவிர வழியே இல்ல. பண்ண வேண்டியது, காத்து புழங்குற நிழலான ரூம்ல, சுவத்த ஒட்டாம, தரையிலேந்து ஒசத்தி வச்சு ஒரு ஃபேன் போட்டு பத்து பதினஞ்சு நாள் விடுங்க. பாதி கட்ட தானா விட்டுக்குடுக்கும். அப்பவும் விடாத கட்டைக்கு மட்டும் அந்த ஃபெல்ட்ட லேசா அமுக்கி விடணும், அதுக்குன்னு பியானோ மெக்கானிக்குங்க ஒரு இடுக்கி வச்சிருப்பாங்க, தஞ்சாவூர், திருச்சி சர்ச்சுகள்ல பியானோ பாக்குறவங்களக் கேட்டா கெடைக்கும்.

இதோட கரையானும் எலியும். அடிப்பலகைய டார்ச் அடிச்சு, திருப்புளி முனையால லேசா தட்டிப் பாருங்க, பொதபொதன்னு இருந்தா கரையான் உள்ள போயிருக்கு, அந்தப் பலகைய மாத்துறதுக்கு நல்ல ஆசாரி போதும். டேம்பர் ஃபெல்ட்ட எலியும் அந்துப்பூச்சியும் திங்கும், டேம்பர் போனா கட்டைய விட்டப்புறமும் சத்தம் நிக்காம இழுத்துகிட்டே இருக்கும்.

துரு. கடலோரம், நாகப்பட்டினம் காரைக்கால் தரங்கம்பாடி வேளாங்கண்ணிப் பக்கம் இருந்த சாமான்னா இதத்தான் மொதல்ல பாப்பேன், மயிலாடுதுறையும் கடலுக்கு ரொம்ப தூரம் இல்ல. டைன் மேல பழுப்பா பூத்திருந்தா சுருதி நிக்காது, திடீர்னு ஒடையும். லேசா பூத்ததுன்னா காஞ்ச துணியில தொடச்சா போதும், குழி விழுந்திருந்தா மாத்தியே ஆகணும். இங்க ஒரு விஷயம் ரொம்ப முக்கியமா சொல்றேன். சுருதி சரியில்லைன்னதும் எல்லாரும் ஹார்மோனியம் ரிப்பேர்காரர்கிட்ட தூக்கிட்டுப் போவாங்க. அவங்க கை சாதாரணக் கையில்ல, ரீடோட முனையச் சொரண்டுனா சுருதி ஏறும், அடியச் சொரண்டுனா எறங்கும்னு காதாலேயே அளந்து பண்றவங்க. ஆனா ரோட்ஸ் டைன அரம் வச்சுத் தேய்க்கவே கூடாது, தேய்ச்ச எடத்துல விரிசல் விட்டு ஒடைஞ்சிரும். டைன் மேல ஒரு சின்ன ஸ்பிரிங் சுத்தியிருக்கும், அத முனைப் பக்கம் தள்ளுனா சுருதி எறங்கும், டோன் பார் பக்கம் தள்ளுனா ஏறும், அவ்வளவுதான் டியூனிங். போன்ல டியூனர் ஆப் போட்டு 440 ஹெர்ட்ஸ்ல வச்சுகிட்டு, சின்ன திருப்புளி முனையால நீங்களே பண்ணிரலாம். ஸ்பிரிங்க கழட்டிராதீங்க, குறடால இழுக்காதீங்க.

சுருதி முடிஞ்சப்புறம் சத்தத்த சமன் பண்றதுக்கு கொஞ்சம் காது வேணும். டைன் முனை பிக்கப்புக்கு நட்டநடுவுல நின்னா அடி நாதம் காணாமப்போயி மேல் ஸ்தாயி மட்டும் கணீர்னு கேக்கும், கொஞ்சம் மேல தூக்குனா அடி நாதம் திரும்ப வரும், கனமா உருண்டையா இருக்கும். பிக்கப்ப கிட்ட நகத்துனா கடிக்கும், ரொம்ப கிட்ட போனா டைன் இடிச்சு டக்குன்னு சத்தம் போடும். நடுக் கட்டைகள்ல ஒண்ணரை மில்லிமீட்டர் இடைவெளிய வச்சு ஆரம்பிச்சு காதால சரிபண்ணுங்க. ஹாமர் முனையும் பாருங்க, கீழ் ஸ்தாயிக்கு மெத்துன்னும் மேல போகப்போக கெட்டியாவும் அஞ்சு தரத்துல இருக்கும், டைன் அடிச்சு அடிச்சு முனையில பள்ளம் விழுந்திருந்தா சத்தம் மழுங்கிரும், அப்ப மொத்த செட்டையும் மாத்துறது நல்லது. விக்கப் போற சாமான்ல நான் துணிஞ்சு காசு போடச் சொல்றது இந்த ஒரு எடத்துலதான், வாங்க வர்றவர் கைய வச்ச ஒடனே உணர்றது இதத்தான்.

செய்யக் கூடாததும் இருக்கு. பெட்டிக்கு பெயின்ட் அடிக்காதீங்க, வினைல் கிழிஞ்சிருந்தா அதே துணிய ஃபெவிகால் மாதிரி பசை வச்சு ஒட்டுனா போதும். பேர்ப்பலகையக் கழட்டிப் பாலீஷ் போடாதீங்க. கழட்டுன பழைய பாகம் ஒண்ணக்கூட எறியாதீங்க, ஒடஞ்ச டைனையும் கவர்ல போட்டு வாங்குறவர்கிட்ட குடுங்க, அத வச்சே அவருக்கு நம்பிக்க வரும்.

இதப் படிக்கிற வேற யார் வீட்லயாவது ஸ்பீக்கரோட கூடிய ரோட்ஸ் சூட்கேஸ் மாடலோ, வுர்லிட்சர்ங்கிற வேற கம்பெனியோட 64 கட்ட எலக்ட்ரிக் பியானோ 200, 200ஏ மாடலோ இருந்தா, பின்பக்கம் 115ன்னோ 117ன்னோ 120ன்னோ வோல்ட் எழுதியிருக்கும், நம்ம 230ல நேரா சொருவுனா அத்தோட போச்சு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம தொடாதீங்க. வுர்லிட்சர்ல உள்ள ரீடச் சுத்தி இருக்கிற தகட்டுல 150 வோல்ட் வாக்குல டிசி ஓடும், ஆஃப் பண்ணப்புறமும் கெப்பாசிட்டர்ல நிக்கும், மூடியத் தெறந்து கைய விட்டுராதீங்க, தெரிஞ்ச எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்தான் தெறக்கணும். அதுல சுருதி சேக்குறது ரீட் முனையில இருக்கிற ஈயத்தக் கூட்டிக் கொறச்சு, ஈயத்த அரத்துல தேச்சா சுருதி ஏறும், அந்த வேலைக்கு நம்ம ஹார்மோனியக்காரர் கைதான் சரியான கை, தகட்டுல கரண்ட் இல்லைன்னு உறுதிபண்ணிட்டு அவர்கிட்ட தாராளமா குடுக்கலாம்.

சரி, வெல. நம்ம நாட்டுல இதுக்குன்னு ஒரு மார்க்கெட் ரேட் கெடையாது, சாமானே கொஞ்சம்தான், வாங்குறவங்களும் கொஞ்சம்தான். அமெரிக்காவுல சரிபண்ணி நல்லா வாசிக்கிற நெலமையில இருக்கிற ஸ்டேஜ் 73க்கு 2000லேந்து 4000 டாலர் வரைக்கும் கேக்குறாங்க. அங்கேந்து 60 கிலோ பெட்டிய இங்க கொண்டாரணும்னா கப்பல் செலவு, வரி, வழியில ஒடையுற பயம் எல்லாம் இருக்கு, அதனால இங்கயே தயாரா இருக்கிற சாமானுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. என் அபிப்ராயத்துல, உறுமல் எர்த் கோளாறுதான்னு நிரூபிச்சு, எல்லா கட்டையும் பேசி, சுருதி சேத்து, கால் பெடலோட இருந்தா 2 லட்சத்துலேந்து பேச ஆரம்பிங்க, ஒண்ணே முக்கால் வந்தா குடுத்துரலாம். ஒண்ணும் பண்ணாம இப்படியே குடுக்குறதுன்னாலும் 80000க்குக் கீழ எறங்காதீங்க. சரிபண்ற செலவு 40000க்குள்ள அடங்குனா பண்ணிட்டு வில்லுங்க. டைன் பாதிக்கு மேல துரு, அடிப்பலகை கரையான்னு ரெண்டும் சேந்து வந்துட்டா செலவு பண்ணாதீங்க, அப்படியே சரிபண்றவர்கிட்ட உள்ளதச் சொல்லிக் குடுத்துருங்க. ஆன்ட்டிக்னு சொல்லி யாராவது ஆச காட்டுனாலோ அரசாங்க அனுமதி வேணும்னு பயமுறுத்துனாலோ காதுல போட்டுக்காதீங்க, 1972 தொல்பொருள் சட்டத்துல வர்றதுக்கு இந்த மாதிரி சாமானுக்கு 100 வருஷம் ஆயிருக்கணும். மரக்கட்டைக்கு மேல ஒட்டுன தகடும் பிளாஸ்டிக்தான், பழைய பியானோக்கள்ல இருக்கிற தந்தப் பிரச்சன இதுல கெடையாது.

யாருக்கு விக்கிறதுன்னா, பழசு சேத்து வைக்கிறவங்கள விட வாசிக்கிறவங்களுக்கு வில்லுங்க. சென்னை, கொச்சி, பெங்களூரு, மும்பைல ஸ்டுடியோ வச்சிருக்கிறவங்க, ஜாஸ் வாசிக்கிறவங்க, சர்ச்ல கீபோர்டு வாசிக்கிற பசங்க, இவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும், பேரம் பேசுனாலும் அடிமாட்டு வெல கேக்க மாட்டாங்க. ஒரு வீடியோ எடுங்க, கீழ் கட்டைலேந்து மேல் கட்ட வரைக்கும் ஒண்ணொண்ணா, மெதுவா ஒருதடவ ஓங்கி ஒருதடவ, நடுவுல வெட்டாம. எஃபெக்ட் எதுவும் போடாதீங்க. மூடியத் தெறந்து டைன், பிக்கப், டேம்பர், தேதி முத்திரை, சீரியல் நம்பர் எல்லாம் கிட்டத்துல போட்டோ. என்ன மாத்துனீங்க, என்ன இன்னும் சரியில்லைன்னு எழுதியே போட்டுருங்க, மறைச்சு வச்சது வந்து பாக்குறப்ப தெரிஞ்சா அந்த எடத்துலயே 30000 கொறையும்.

ஏத்தி அனுப்புறது மழைக்காலத்துல வேண்டாம், தை மாசத்துக்கு மேல வச்சுக்கங்க. குட்டியானை ஒண்ணு போதும், காலையும் பெடலையும் கழட்டித் தனியா கட்டுங்க, மூடிக்குள்ள ஹார்ப் ஆடாம ஸ்க்ரூ எல்லாம் இறுக்கி, கட்டைக்கு மேல மெல்லிசா ஸ்பாஞ்ச் வச்சு மூடுங்க, படுக்க வச்சு அடியில ரெண்டு பழைய மெத்த போட்டு, மேல எதையும் ஏத்தாம தார்ப்பாய் கட்டுங்க. தூக்க நாலு ஆள் வேணும், மாடிப்படியில ரெண்டு பேர் தூக்குறேன்னு வந்தா விடாதீங்க. பணம் முழுசா அக்கவுண்ட்ல ஏறுனப்புறம் வண்டியில ஏத்துங்க, சீரியல் நம்பர் போட்டு ஒரு வெள்ளத்தாள்ல வித்ததா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கங்க, சாமான் உங்க பெரியப்பா பேர்ல வந்ததால பெரியம்மாவையும் அதுல ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. டார்ச் அடிச்சு டைனையும் அடிப்பலகையையும் பாத்துட்டு என்ன நெலமையில இருக்குன்னு எழுதுங்க, என்னென்ன பாகம் வரவழைக்கணும்னு கணக்குப் போட்டுத் தர்றேன்.